மழுங்கும் முன் நாலு இழுப்பு: கத்திக்கு ஸ்டீல் போடும் முறை

கத்தி வெட்டவில்லை என்றதும் நம் வீடுகளில் அம்மிக்கல் ஓரத்திலோ வாசல்படியிலோ நாலு தேய் தேய்ப்பார்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் தெருவில் சாணைக்காரர் குரல் கேட்கும்வரை காத்திருப்பார்கள். அவர் சக்கரத்தை மிதித்துச் சுற்ற, தீப்பொறி பறக்கும். கத்தியின் அகலம் கொஞ்சம் குறையும், கொஞ்ச நாள் பிரமாதமாக வெட்டும், அப்புறம் பழைய கதைதான். ஒரு சாணைக்கும் அடுத்த சாணைக்கும் நடுவில் செய்யவேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. வீடுகளில் அதைத்தான் யாரும் செய்வதில்லை. ஓட்டல் கிச்சனில் அதற்கு 'ஸ்டீல் போடுவது' என்று பெயர். கைப்பிடி வைத்த நீளமான உருண்டைக் கம்பியில் கத்தியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி இழுக்கும் வேலை அது.

நான் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் கறி வெட்டும் பிரிவில் தொழில் கற்றவன். இப்போது கும்பகோணம் பக்கம் கல்யாண கேட்டரிங் செய்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காய் நறுக்க வருகிற அக்காக்களின் கத்திகளை வாங்கி ஸ்டீல் போட்டுக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. முதல் தடவை வருகிறவர்கள் பயப்படுவார்கள். "ரொம்பக் கூரா ஆக்கிடாதீங்க தம்பி, கை போயிரும்" என்பார்கள். நிஜத்தில் கையைக் கிழிப்பது பெரும்பாலும் மொட்டைக் கத்திதான். வெங்காயத்தின் மேல்தோலில் இறங்காமல் வழுக்கி, நாம் அழுத்திய வேகத்தோடு விரலுக்கு வரும். கூரான கத்தியை அழுத்தவே வேண்டாம் என்பதால் அது நம் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். வெங்காயத்தை நசுக்காமல் வெட்டுவதால் கண்ணும் குறைவாகவே எரியும்.

சரி, ஸ்டீல் என்னதான் செய்கிறது? கத்தியின் கூர் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. பலகையில் பட்டுப் பட்டு அந்த மெல்லிய விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், சட்டைக் காலர் ஒரு ஓரத்தில் மடிந்துகொள்வது போல. இரும்பு எங்கும் போய்விடவில்லை, கூரும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அது தக்காளியைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும். கத்தியைவிடக் கடினமான கம்பியில் சரியான சாய்வில் இழுத்தால் அது மறுபடி நிமிரும். கம்பியில் நீளவாக்கில் ஓடும் வரிகள் கொஞ்சம் இரும்பைச் சுரண்டவும் செய்யும் என்றாலும் அது மிகக் கொஞ்சம். விளிம்பு உண்மையிலேயே தேய்ந்து உருண்டுவிட்ட கத்தியை ஸ்டீல் காப்பாற்றாது. அதற்குக் கல் வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் ஸ்டீலை எப்போது போடவேண்டும் என்பதும் புரிந்துவிடும். கத்தி வெட்டாமல் போன பிறகு எடுத்தால் பாதி வாய்ப்பு போய்விட்டது. நன்றாக வெட்டும்போதே, வேலையைத் தொடங்கும் முன் போடவேண்டும். கறி வெட்டும் அறையில் கோழி எலும்பு நீக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அடுத்த கோழியைத் தொடுவோம். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. தினமும் சமைக்கிற வீட்டில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போட்டாலே வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது முதலில் நீளம். கம்பி உங்கள் கத்தியைவிட நீளமாக இருக்கவேண்டும். 8 அங்குல, அதாவது 20 செ.மீ. கத்திக்கு 25 செ.மீ. கம்பி வசதி. 30 செ.மீ. கிடைத்தாலும் நல்லதுதான். கத்தி செட்டுகளோடு இலவசமாக வரும் குட்டிக் கம்பிகளில் இழுப்பு பாதியிலேயே முடிந்துவிடும். அடுத்தது வரிகள். நகத்தை வைத்துக் கம்பியின் குறுக்கே வருடிப் பாருங்கள். வரிகள் மெலிதாக, ஒரே சீராக இருந்தால் வாங்கலாம். நகம் தடுக்கி நிற்கும் அளவுக்குப் பெரிய வரிகள் இருந்தால் அது அரம் மாதிரி வேலை செய்யும், வேண்டாம். கறிக்கடைக்காரர்களின் கருவிகளுக்குப் பெயர் வாங்கிய ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் டிக் நிறுவனம் 1778-இலிருந்து இருக்கிறது. அவர்களுடைய மெல்லிய வரிக் கம்பிகளை உலகம் முழுக்கக் கறி வெட்டுகிறவர்கள் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை. வாங்கிய பிறகு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கொஞ்ச நாளில் கம்பியின் மேலேயே கத்தி பட்ட இடத்தில் பள்ளம் விழுந்தால் அது கத்தியைவிட மெத்தென்ற இரும்பு. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வைரத்தூள் பூசிய கம்பிகளும் கடையில் இருக்கும். 'இதுதான் பெஸ்ட் சார்' என்பார்கள். அவை கத்தியை நிமிர்த்துவதோடு நிற்காமல் நிறையவே அரித்தெடுக்கும். மாதத்துக்கு ஒருமுறை என்றால் பரவாயில்லை. தினசரிப் பழக்கத்துக்கு வைத்துக்கொண்டால் கத்தி சீக்கிரம் ஒல்லியாகிவிடும். பீங்கான் கம்பி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மெலிதாகச் சுரண்டும், நன்றாக வேலை செய்யும், கீழே விழுந்தால் உடையும். நடுவில் கத்தியைச் சொருகி இழுக்கும் சின்னச் சக்கர டப்பா ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது விளிம்பைப் பிய்த்துப் பிய்த்துக் கூராக்குகிறது. எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது.

எல்லாக் கத்திக்கும் ஸ்டீல் ஒத்துவராது. இரும்பின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். ஓட்டல்களில் அதிகம் புழங்கும் விக்டோரினாக்ஸ் கத்தி 55–56-இல் இருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகளில் வூஸ்ட்ஹோஃப் மாதிரியானவை 58. இந்த வகையெல்லாம் வளைந்துகொடுக்கும் இரும்பு. விளிம்பு சாயும், ஸ்டீலில் நிமிரும். நம் கடைகளில் கிடைக்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்திகள் இதைவிட மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் சாயும், ஸ்டீலின் பயன் அவற்றில்தான் அதிகம். ஜப்பான் கத்திகளில் பல 60-க்கு மேல். அவற்றின் விளிம்பு வளையாது, சில்லு சில்லாக உடையும். வரி போட்ட கம்பியை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அதற்குக் கல்லும் தோல் பட்டையும்தான். ரம்பப் பல் வைத்த பிரெட் கத்திக்கும் இந்தக் கம்பி வேலை இல்லை. அருவாமனையைப் பொறுத்தவரை, நிலையாக நிற்கிற அந்த அலகில் கையில் கம்பியைப் பிடித்து இழுப்பது எனக்கு ஆபத்தாகத்தான் படுகிறது. அதைச் சாணைக்காரரிடம் விட்டுவிடுங்கள், அலகு நீலம் பாயும் அளவுக்குச் சூடாக்காமல் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் நீலமாகிப்போன இரும்பு பதம் இழந்துவிடும், அந்த இடம் அப்புறம் கூர் தாங்காது.

இனி கையில் எடுப்போம். முதலில் கத்தியைக் கழுவித் துடையுங்கள். கறிக்கொழுப்போ வாழைக்காய்ப் பிசினோ ஒட்டியிருந்தால் கம்பியின் வரிகள் அடைத்துக்கொண்டு கத்தி வழுக்கும்.

டிவியில் சமையல்காரர்கள் கம்பியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சரக் சரக்கென்று வீசுவார்கள். அது பார்க்கிறவர்களுக்காக. வேகத்துக்கும் கூருக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் சமையல் கூடத்தில் புதிதாகச் சேர்கிற பையன்கள் முதல் நாளே அப்படி வீச ஆசைப்படுவார்கள். நான் கம்பியைப் பிடுங்கி மேடையில் நட்டு வைத்துக் கொடுப்பேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். ஈரத்துணியை நாலாக மடித்து மேடையில் போடுங்கள். கம்பியின் நுனியை அதில் ஊன்றி, கைப்பிடியை மேலே பிடித்து, நேர்செங்குத்தாக நிறுத்துங்கள். ஈரத்துணி இருந்தால் நுனி நகராது. கம்பியைப் பிடித்த கையின் விரல்கள் எல்லாம் கைப்பிடித் தடுப்புக்கு மேலேயே இருக்கட்டும், கட்டைவிரலும் உட்பட.

கத்தியின் கைப்பிடியை ஒட்டிய பகுதியை, கூர் கீழே பார்க்க, கம்பியின் மேல்முனைக்குப் பக்கத்தில் வையுங்கள். இங்கேதான் சாய்வு வருகிறது. ஐரோப்பிய வகைக் கத்திகளுக்கு ஒரு பக்கத்துக்கு 15-லிருந்து 20 டிகிரி. பாகைமானி தேட வேண்டாம். ஒரு காகிதத்தின் மூலையை எடுங்கள், அது 90. மூலை வழியாக ஒரு மடிப்பு மடித்தால் 45. இன்னொரு மடிப்பில் இருபத்திரண்டரை. அந்தக் கூம்பைக் கம்பிக்கும் கத்திக்கும் நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு, கத்தியை அதைவிட ஒரு துளி கம்பிப் பக்கமாகச் சாயுங்கள், போதும். இன்னொரு கணக்கும் சொல்கிறேன்: நாலரை செ.மீ. அகலமுள்ள பெரிய கத்தி என்றால் அதன் முதுகு கம்பியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. விலகி நிற்கும். இரண்டு செ.மீ. அகலச் சின்னக் காய்கறிக் கத்தி என்றால் அரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே.

இந்தச் சாய்வு கத்தியின் சாய்வோடு பொருந்துகிறதா என்று தெரியவேண்டுமா? பிள்ளைகளின் மார்க்கர் பேனாவால் விளிம்பு நெடுக இரண்டு பக்கமும் மை பூசுங்கள். நாலு இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பை ஒட்டி மை போயிருந்தால் சரி. விளிம்பில் மை அப்படியே இருந்து அதற்கு மேலே மட்டும் போயிருந்தால் கத்தியை அதிகமாகப் படுக்கவைத்துவிட்டீர்கள், முதுகைக் கொஞ்சம் விலக்குங்கள். ஒருமுறை இதைச் செய்துவிட்டால் கைக்குப் பழகிவிடும்.

இப்போது கத்தியைக் கீழ்நோக்கி இறக்கிக்கொண்டே உங்கள் பக்கம் இழுங்கள். கம்பியின் அடிக்கு வரும்போது கத்தியின் நுனி கம்பியில் பட்டு முடிந்திருக்கவேண்டும். முழு விளிம்பும் ஒரே இழுப்பில் கம்பியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். துணிக்கு இரண்டு விரல் உயரத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நுனி மேடையில் இடிக்கும். நுனிப் பக்கம் வளைந்திருப்பதால் அங்கே வரும்போது முழங்கையை லேசாகத் தூக்கவேண்டும். பெரும்பாலான கத்திகளில் நுனி மட்டும் மொட்டையாகக் கிடப்பதற்குக் காரணம் அந்த முழங்கை எழாததுதான்.

அடுத்த இழுப்பு கம்பியின் மறுபக்கத்தில், கத்தியின் மறுபக்கத்துக்கு. அதே சாய்வு, அதே வேகம். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் கோணலாகவும் வரும், சாய்வு மாறிப்போவது அந்தக் கோணல் பக்கத்தில்தான். அங்கே இன்னும் மெதுவாகப் போங்கள். இடதுகைக்காரர்கள் எல்லாவற்றையும் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

அழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கத்திகள் கெடுவது இதில்தான். கம்பி உருண்டையாக இருப்பதால் கத்தி அதை ஒரு சின்னப் புள்ளியில்தான் தொடுகிறது. நீங்கள் கொடுக்கும் பலம் முழுவதும் அந்தப் புள்ளியில் இறங்கும். கொஞ்சம் அழுத்தினாலே நிமிரவேண்டிய விளிம்பு மறுபக்கம் சாய்ந்துவிடும், இல்லையென்றால் ஒடிந்து உதிரும். கத்தியின் எடையோடு ஒரு விரல் பாரம் சேர்ந்தால் அதுவே அதிகம். காதையும் வைத்துக்கொள்ளுங்கள். சரியான இழுப்பில் 'ஸ்ஸிங்' என்று மெல்லிய, அறுபடாத சத்தம் வரும். 'கறக்' என்று கேட்டால் அழுத்துகிறீர்கள். நடுவில் சத்தம் மாறினால் அந்த இடத்தில் சாய்வு மாறிவிட்டது, அல்லது விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கிறது.

பக்கத்துக்கு நாலு அல்லது ஐந்து இழுப்பு போதும். கடைசி இரண்டை இன்னும் லேசாக, தொட்டும் தொடாமலும் இழுங்கள். இருபது முப்பது என்று போகவேண்டிய கத்திக்கு ஸ்டீல் மருந்தல்ல. முடிந்ததும் கத்தியைத் துடைத்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பொடி ஒட்டியிருக்கும். கம்பியையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பல கம்பிகளுக்குக் காந்தம் ஏற்றியிருப்பார்கள், பொடி சோற்றில் விழாமல் கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளட்டும் என்று. அதைத் துடைக்காமல் விட்டால் வரிகள் அடைந்து கம்பி வழவழப்பாகிவிடும். எண்ணெய் போடவே கூடாது.

கூர் வந்ததா என்று பார்க்க எல்லோரும் கட்டைவிரலை விளிம்பு நெடுக ஓட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி ஒன்றை எடுங்கள். கத்தியை அதன் மேல் வைத்து, அழுத்தாமல் பின்னால் இழுங்கள். தோலில் உடனே இறங்கினால் கத்தி தயார். தக்காளி இல்லையென்றால் செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு மேலிருந்து கீறுங்கள். கிழியாமல் வெட்டிக்கொண்டு போகவேண்டும். எங்கேயாவது சிக்கினால் விளிம்பின் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே கத்தியின் கூரை மேலே பார்க்கத் திருப்பிப் பிடித்தால் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மினுக்கம் தெரியும். நல்ல கூரில் வெளிச்சம் தங்காது, மொட்டையான இடத்தில்தான் தங்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து விளிம்பின் குறுக்காக மெல்ல வருடினாலும் பிசிறு இருக்கும் இடம் நார் நாராகப் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு ஸ்டீல் போட்டாலும் சில பழக்கங்கள் அரை மணி நேரத்தில் அதை வீணாக்கிவிடும். கடப்பாக்கல் மேடையிலேயே வைத்து வெட்டுவது, எவர்சில்வர் தட்டில் வெட்டுவது, கண்ணாடிப் பலகை மூன்றும் கூருக்கு எமன். மரப்பலகைதான் சரி. கறிக்கடைகளில் புளியமரக் கட்டையை வைத்திருப்பது சும்மா இல்லை, அது உறுதியாகவும் இருக்கும், கத்தியையும் கெடுக்காது. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று, நறுக்கிய வெங்காயத்தைக் கத்தியின் கூர்ப் பக்கத்தாலேயே பலகையிலிருந்து வழித்துச் சட்டியில் தள்ளுவது. விளிம்பைப் பக்கவாட்டில் சாய்ப்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். எங்கள் கூடத்தில் இந்த ஒரு பழக்கம் மாறியதும் நான் ஸ்டீல் எடுக்கும் தடவைகள் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தன. அப்புறம் கத்தியைப் பாத்திரங்களோடு சிங்க்கில் போடாதீர்கள். தேங்காய் உடைக்கவும் மட்டன் எலும்பு தட்டவும் வேறு கத்தி இருக்கட்டும்.

ஸ்டீலின் எல்லை எது என்று கத்தியே சொல்லும். பத்து இழுப்புக்குப் பிறகும் தக்காளித் தோலில் வழுக்கினால் கல்லை எடுக்கும் நேரம் வந்துவிட்டது. ஹார்டுவேர் கடைகளில் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைஸாகவும் உள்ள கார்போரண்டம் கல் கிடைக்கும். வெளிநாட்டுக் கல் எல்லாம் தேடவேண்டாம். இந்தத் தொழிலில் 1954-இல் சென்னையில் தொடங்கிய முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சலே நம் ஊர்க் கம்பெனிதான். கல்லில் தேய்ப்பது தனியாக எழுதவேண்டிய விஷயம். இங்கே ஒன்று மட்டும்: கல்லில் ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் நெடுகப் பிசிறு எழும்பவேண்டும், அதன் பிறகுதான் பக்கம் மாற்றவேண்டும். முடித்ததும் ஸ்டீலில் இரண்டு லேசான இழுப்பு. வீட்டுக் கத்தியை இப்படிக் கவனித்துவந்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கல் போதும்.

எல்லையைத் தாண்டி, கல்லே காட்டாமல் வருஷக்கணக்கில் ஸ்டீல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு சிக்கல் வரும். கை எப்போதும் நடுப்பகுதியிலேயே அதிகமாகத் தேய்ப்பதால் விளிம்பின் நடுவில் மெல்லிய பள்ளம் விழும். பலகையில் வைத்தால் அந்த இடம் பலகையைத் தொடாது. அடையாளம் சுலபம்: பீன்ஸும் கீரைத்தண்டும் முழுசாக அறுபடாமல் ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டே வரும். அந்தக் கத்தியைக் கல்லில் நேராக்கித்தான் ஆகவேண்டும்.

ஸ்டீல் வாங்க இன்னும் மனசு வரவில்லை என்றால் வீட்டிலிருக்கும் பழைய ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாத ஒரு வளையம் சொரசொரப்பாக இருக்கும். காபிக் கோப்பைக்கு அடியிலும் உண்டு. பீங்கான் கம்பி செய்யும் வேலையில் கொஞ்சத்தை அது செய்துவிடும். ஜாடியை ஈரத்துணி மேல் கவிழ்த்து, அசையாமல் ஒரு கையால் பிடித்து, அதே சாய்வில், விளிம்பு முன்னால் போகிற மாதிரி, பக்கத்துக்கு நாலு தடவை லேசாக இழுங்கள். வளையத்தில் கறுப்பாகக் கோடு விழும், அது கத்தியிலிருந்து வந்த இரும்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் போகும், கொஞ்சம் நிற்கும். ஜாடிக்குள் ஊறுகாய் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.